ஆங்கில வாக்கியத்தின் வழுவும் வழாநிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு வாக்கியத்தை இலக்கணமுடையது என்றோ இலக்கணமற்றது என்றோ கூறும்போது நாம் எதனைக் கருதுகின்றோம்? தமிழ் இலக்கணம் பயில்வோர்க்கு இவ்வினா புதியதன்று. சொல்லின் நிலையை வழாநிலை, வழு, வழுவமைதி எனப் பகுத்து நோக்கும் முறை நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. வழுவெனத் தோன்றினும் வழக்குப்பற்றியும் காரணம்பற்றியும் அமைத்துக்கொள்ளத் தக்கது வழுவமைதி என்பர். இலக்கணம் என்பது வழக்கின் வழி வருவது என்னும் எண்ணமும், வழக்கிலுள்ளவை யாவும் ஒருநிலையின அல்ல என்னும் எண்ணமும் இப்பாகுபாட்டிலே ஒருங்கே அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது. ஆங்கில மொழியை எடுத்துக்கொள்ளின், இவ்விரு எண்ணங்களும் ஒன்றோடொன்று மோதிய வரலாறே அம்மொழியின் இலக்கண வரலாறு எனலாம்.

இவ்வாராய்ச்சியில் நான் ஈடுபடுவதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. முதலாம் வருடத்திலே நான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையொன்று திருத்தப்பட்டுத் திரும்பியபோது, அதன் முதற் பக்கத்தில் இரு சிவப்புக் கோடுகள் காணப்பட்டன. ஒன்று, 'த' என்னும் சுட்டிடைச்சொல் வரவேண்டிய இடத்தில் அதனை நான் விட்டுவிட்டமைக்காக இடப்பட்டது. மற்றையது, வாக்கியமொன்றை 'வித்' என்னும் முன்னிடைச்சொல்லிலே முடித்தமைக்காக இடப்பட்டது. இரண்டின் பக்கத்திலும் இலக்கணப் பிழை என்ற ஒரே குறிப்புத்தான் இருந்தது. மை ஒன்று, குறிப்பும் ஒன்று. ஆயின் இவ்விரு பிழைகளும் ஒரே இனத்தவைதாமா? ஒவ்வொன்றையும் பிழையென விதித்தவர் யார்? எக்காலத்தில்? எந்த அதிகாரத்தைக் கொண்டு? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஆங்கில வாக்கியத்தின் அமைப்பு எவ்வாறு உருப்பெற்றது என்பதை நோக்குவோம். 1066ஆம் ஆண்டின் நோர்மானியப் படையெடுப்புக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலே பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபுகளைப் பெற்றன. எனவே எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்பதைச் சொல்லின் ஈறு பெருமளவுக்குக் காட்டிற்று. 'அரசன் ஆயரைக் கண்டான்' என்பதை 'ஆயரை அரசன் கண்டான்' என்று மாற்றினும் தமிழிலே பொருள் மாறுவதில்லையன்றோ? ஏறத்தாழ அத்தகைய நெகிழ்ச்சி பழைய ஆங்கிலத்துக்கும் இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஈறுகள் மெல்ல மெல்லத் தேய்ந்தொழிந்தன. ஈறுகள் ஆற்றிய பணியைச் சொல்லொழுங்கு ஏற்றுக்கொண்டது. 'த கிங் சோ த பிஷப்' என்பதில் 'கிங்', 'பிஷப்' ஆகிய சொற்களை இடம்மாற்றினால் கண்டவர் காணப்பட்டவராகிவிடுவார். 'த' என்பதைக் 'கிங்' என்பதற்குப் பின்னே வைத்தாலோ அது ஆங்கிலமாகவே இராது. இவ்விதிகளை எந்தப் புலவரும் இயற்றவில்லை. எந்தச் சபையும் நிறைவேற்றவில்லை. கோடிக்கணக்கானோரின் வாய்வழக்கிலே பல தலைமுறைக் காலத்தில் அவை தாமாக அமைந்தன.

இவ்வாறு அமைந்தவையும் நிலையானவையல்ல. பதினாறாம் நூற்றாண்டில் 'எனக்குத் தெரியாது' என்பதற்கு 'ஐ நோ நொற்' என்று கூறுவது இயல்பான வழக்கு. 'டூ' என்னும் துணைவினை எதிர்மறையிலும் வினாவிலும் படிப்படியாகப் புகுந்து நிலைபெற்றது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இருவகை வழக்குகளும் அருகருகே காணப்படுகின்றன. இன்று பழைய வடிவம் உரையாடலில் வழங்குவதில்லை. மாணவனொருவன் அதனை எழுதினால் பிழையெனவே கொள்ளப்படும். நேற்றைய வழாநிலை இன்றைய வழுவாகலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஆங்கிலத்துக்கு இலக்கணநூல் எழுதும் முயற்சி 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தொடங்கிற்று. அதுகாறும் இலக்கணம் என்ற சொல் அந்நாட்டுப் பள்ளிகளில் இலத்தீன் இலக்கணத்தையே குறித்தது. 1586ஆம் ஆண்டு வில்லியம் புல்லோகர் என்பவர் முதலாவது ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டார். ஆங்கிலமும் இலத்தீனைப்போல விதிகளுக்கு உட்பட்ட மொழியே என்று காட்டுவது அவரது நோக்கமாயிருந்தது. அவர் பின்பற்றிய அமைப்பும் இலத்தீன் இலக்கணத்தின் அமைப்பே. 1653ஆம் ஆண்டு கணித அறிஞரான ஜோன் வோலிஸ் ஆங்கில இலக்கணமொன்றை இலத்தீன் மொழியிலே எழுதினார். ஆங்கிலத்தை இலத்தீனின் அச்சிலே வார்ப்பது பொருந்தாது என்று இலத்தீனிலே எழுதிய அவரது செயல் சுவையானது. இலத்தீனிலிருந்து விடுபட விழைந்தோரும் அதன் நிழலிலேயே நின்று எழுதினர் என்பதை இது புலப்படுத்துகின்றது.

என் கட்டுரையில் விழுந்த இரண்டாவது கோட்டின் மூலத்தை 17ஆம் நூற்றாண்டிலே காணலாம். 1672ஆம் ஆண்டு கவிஞர் ஜோன் ட்றைடன் தமக்கு முந்திய தலைமுறைக் கவிஞரான பென் ஜோன்சனின் மொழிநடையை ஆராய்ந்து, வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிப்பதை ஒரு குறையாக எடுத்துக்காட்டினார். அக்குறை தம் எழுத்திலும் உண்டென அவரே ஒப்புக்கொண்டார். அத்தோடு அமையாது, 1668ஆம் ஆண்டு வெளிவந்த தமது நாடகக்கலைபற்றிய உரையை 1684ஆம் ஆண்டு மீண்டும் பதிப்பித்தபோது, அத்தகைய வாக்கியங்களை மாற்றியமைத்தார். ஒரு கவிஞரின் நடைவிருப்பாகத் தோன்றியது பின்னர் பள்ளிக்கூட விதியாக வளர்ந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஆங்கிலேயர் தம் வாக்கியங்களை அவ்வாறு முடித்துக்கொண்டே வந்தனர்.

18ஆம் நூற்றாண்டு பிறந்தபோது மொழியை நிலைநிறுத்த வேண்டும் என்ற வேட்கை வலுப்பெற்றது. பிரான்சிலே 1635ஆம் ஆண்டு தொட்டே மொழிக்கழகமொன்று இயங்கி வந்தது. அதனைப் போன்றதோர் அமைப்பு இங்கிலாந்துக்கும் வேண்டும் என 1712ஆம் ஆண்டு ஜொனதன் சுவிவ்ற் அரசாங்கத்தின் தலைமைப் பொருளாளருக்கு விண்ணப்பம் வரைந்தார். மொழி மாறுவதைக் கேடெனக் கருதிய அவர், அதனைத் திருத்திய பின் என்றும் மாறாது நிறுத்திவிட விரும்பினார். 1714ஆம் ஆண்டு ஆன் அரசி மறைந்தார், ஆட்சியும் கைமாறிற்று, அத்திட்டமும் கைவிடப்பட்டது. 1755ஆம் ஆண்டு தம் பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், மொழியை நிலைநிறுத்தலாம் என்று தொடக்கத்தில் தாம் கொண்டிருந்த நம்பிக்கை பயனற்றது என முன்னுரையிலே வெளிப்படையாகக் கூறினார். சொற்களை அழியாமற் காக்கமுடியும் என எண்ணும் அகராதிகாரர் நகைப்புக்கே உரியவர் என்பது அவர் இறுதியாகக் கண்ட முடிவு.

கழகம் அமையாமையால் விதிகள் தோன்றாது போய்விடவில்லை. கழகம் விட்ட இடத்தைத் தனிமனிதர் நிரப்பினர். வணிகத்தாலும் தொழிலாலும் உயர்ந்துவந்த நடுத்தர வகுப்பினர், தம் பிள்ளைகள் உயர்குடியினரைப் போலப் பேசவும் எழுதவும் வேண்டுமென விரும்பினர். இலக்கணநூல் அவர்களுக்கு ஓர் ஏணியாயிற்று. இந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இலக்கணநூல்கள் பெருந்தொகையாக வெளிவந்தமைக்கு இச்சமூகத் தேவையே முக்கிய காரணமாகும். இவற்றுள் புகழ்பெற்றது 1762ஆம் ஆண்டு ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த றொபேட் லௌத்தின் நூல். பின்னாளில் இலண்டனின் ஆயரான இவர், ஷேக்ஸ்பியர், மில்ற்றன், போப், சுவிவ்ற் ஆகியோரின் எழுத்துகளிலிருந்தே பிழைகளை எடுத்து அடிக்குறிப்புகளிற் காட்டினார். மிகச் சிறந்த எழுத்தாளரும் இலக்கணம் தவறினர் என்றால், இலக்கணம் அவர்களது வழக்கிலே தங்கியிருக்கவில்லை என்பது பெறப்படும். அவ்வாறாயின் அது எங்கே தங்கியிருந்தது என்னும் வினா எழுகின்றது. தருக்கத்திலும் இலத்தீன் மரபிலும் என்பதே அக்காலத்தவர் பலரின் விடையாயிருந்தது.

இதற்கு இரட்டை எதிர்மறை சிறந்த எடுத்துக்காட்டு. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதற்கு 'ஐ டோன்ற் நோ நதிங்' எனக் கூறுவது வழு என்பது இன்று யாவரும் அறிந்தது. எனினும் பழைய ஆங்கிலத்திலே எதிர்மறையை அடுக்கிக் கூறுதல் வழக்கமாயிருந்தது. சோசர் எழுதினார், ஷேக்ஸ்பியரும் எழுதினார். இரு எதிர்மறைகள் சேர்ந்து உடன்பாடாகும் என்ற கருத்தை 1711ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிறீன்வுட் தம் நூலிலே கூறினார். லௌத்தின் நூலினது 1763ஆம் ஆண்டுப் பதிப்பும் அவ்விதியை ஏற்றது. இது கணிதத்திலே பொருந்தும் வாதம். ஆயின் அவ்வாறு பேசும் ஒருவனது கூற்றைக் கேட்டு 'இவனுக்கு ஏதோ தெரியும்' என்று எந்த ஆங்கிலேயரும் பொருள்கொள்வதில்லை. இலக்கண ஆசிரியர் இதனைப் பழிக்கத் தொடங்குமுன்னரே கற்றோர் எழுத்தில் இவ்வழக்கு அருகிவிட்டது என்பதும் மறத்தலாகாது. விதி வழக்கைக் கொல்லவில்லை. ஏற்கெனவே தாழ்ந்துவந்த வழக்கின்மீது கல்லாமை என்னும் முத்திரையைக் குத்தியது.

லௌத்தின்மீது பிற்காலத்தவர் சுமத்திய பழிகள் யாவும் அவருக்கு உரியனவல்ல என்பதையும் நடுநிலையோடு கூறவேண்டும். முன்னிடைச்சொல்லில் வாக்கியம் முடிவதை அவர் தடைசெய்தார் எனப் பலர் எழுதியுள்ளனர். உண்மையில் அது ஆங்கிலத்தின் இயல்புக்கு ஒத்தது, உரையாடலுக்கும் எளிய நடைக்கும் ஏற்றது என்றே அவர் கூறினார். உயர்ந்த நடைக்கு மற்றைய முறை அழகுடையது என்பது மட்டுமே அவர் கருத்து. அக்கருத்தைக் கூறும் வாக்கியத்தையே அவர் முன்னிடைச்சொல்லொன்றால் முடித்துள்ளார். நடைவேறுபாடாக அவர் கூறியதைப் பின்வந்தோர் சரி பிழை என்ற வேறுபாடாக்கினர்.

வழக்கின் பக்கம் நின்றோரும் அந்நூற்றாண்டிலே இருந்தனர். லௌத்தின் நூலுக்கு ஓராண்டு முன்னதாக, 1761ஆம் ஆண்டு, பின்னாளில் இரசாயன அறிஞராகப் புகழ்பெற்ற ஜோசப் பிறீஸ்ற்லி ஓர் இலக்கணநூலை வெளியிட்டார். மொழிக்கு அளவுகோல் வழக்கே எனக் கொண்ட அவர், மொழிக்கழகம் அமைப்பது சுதந்திர மக்களுக்கு ஏற்றதன்று எனக் கருதினார். 1776ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் கம்பெல், இலக்கணத்தின் அதிகாரம் வழக்கிலிருந்தே பிறக்கின்றது எனக் கூறி, அவ்வழக்கு மதிப்புடையதாயும் நாடளாவியதாயும் நிகழ்காலத்ததாயும் இருத்தல் வேண்டும் என வரையறுத்தார். ஆயின் மதிப்புடைய வழக்கு யாருடையது என்ற வினா எஞ்சியது. எதிர்ப்பக்கத்தார் தருக்கத்தின் பெயரால் விலக்கியதை இவர் மதிப்பின் பெயரால் விலக்க இடமிருந்தது.

நூல்களிலே நடந்த இவ்வாதத்தின் முடிவைத் தீர்மானித்தது வகுப்பறையே. அமெரிக்காவிலே வழக்கறிஞராயிருந்து, பின் இங்கிலாந்தின் யோர்க் நகருக்கு அண்மையிற் குடியேறிய லின்ட்லி மறே, அங்கிருந்த பெண்கள் பாடசாலையொன்றின் தேவைக்காக 1795ஆம் ஆண்டு ஓர் இலக்கணநூல் எழுதினார். லௌத்திடமிருந்தும் பிறரிடமிருந்தும் எடுத்துத் தொகுத்த அந்நூல், அத்திலாந்திக் சமுத்திரத்தின் இருகரைகளிலும் எண்ணற்ற பதிப்புகளைக் கண்டது. பிழையான வாக்கியங்களைக் கொடுத்து மாணவரைத் திருத்தச் செய்யும் பயிற்சிமுறை இத்தகைய நூல்களாற் பரவிற்று. இலக்கணம் கற்பது என்பது பிழை பிடிப்பது என்ற எண்ணம் இம்முறையினால் வேரூன்றியது எனலாம். என் கட்டுரையிலே விழுந்த சிவப்புக் கோடுகளுக்கும் இம்மரபிலே பங்குண்டு.

19ஆம் நூற்றாண்டிலே புதிய தடைகள் தோன்றின. 'ரு' என்னும் சொல்லுக்கும் அதனைத் தொடரும் வினைக்கும் இடையே வினையடை புகுதல் தகாது என்பது அவற்றுள் ஒன்று. அவ்வழக்கு இடைக்கால ஆங்கிலத்திலேயே காணப்படுவது. லௌத் அதனைப்பற்றி எதுவும் கூறவில்லை. 1864ஆம் ஆண்டு ஹென்றி அல்போட் என்னும் மதகுரு அதனைக் கண்டித்து எழுதிய பின்னர் அத்தடை பெருவழக்காயிற்று. 1850ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்று, சட்டங்களிலே ஆண்பாற் சொல் பெண்பாலையும் உள்ளடக்கும் என விதித்தது. பால் அறியப்படாத ஒருவரைக் குறிக்கப் பல நூற்றாண்டுகளாகப் பேச்சிலும் எழுத்திலும் பயின்றுவந்த 'தே' என்னும் சொல்லை இலக்கண ஆசிரியர் வழுவென ஒதுக்கியிருந்தனர். இன்று அதே சொல் கற்றோர் எழுத்தில் மீண்டும் இடம்பெற்றுள்ளது.

இவை யாவற்றினும் கற்பிக்கும் தன்மையுடையது இன்னொரு வழக்கின் கதை. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றது என்பதை 18ஆம் நூற்றாண்டிலே 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே கூறுவர். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் 'இஸ் பீயிங் பில்ற்' என்ற புதிய வடிவம் தலைகாட்டியது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் அறிஞர் பலர் அதனை ஆங்கிலத்துக்கு ஒவ்வாத வழு என எதிர்த்தனர். அமெரிக்கரான றிச்சட் கிறான்ற் வைற் 1870ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலிலே அதனைக் கண்டிக்கத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். இன்று நமக்குக் கற்பிக்கப்படும் வடிவம் அவர் கண்டித்த அதே வடிவமே. அவர் காக்க முயன்ற பழைய வடிவத்தை நாம் எழுதினால் ஆசிரியர் அடிக்கோடிடுவார். இலக்கண ஆசிரியர் அனைவரும் ஒன்றுதிரண்டாலும் மொழிக்குத் தேவையான அமைப்பைத் தடுத்துவிட முடியாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

அந்நூற்றாண்டின் இறுதியில் நோக்கு மாறத் தொடங்கியது. ஒரு மொழியிலே பொதுவழக்காக உள்ளது அக்காரணத்தாலேயே இலக்கணமுடையது என்னும் கொள்கையை ஹென்றி சுவீற் முன்வைத்தார். டென்மார்க் நாட்டு அறிஞர் ஒற்றோ யெஸ்பேர்சனின் பேரிலக்கணம் 1909ஆம் ஆண்டு தொடங்கி 1949ஆம் ஆண்டு வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் அம்மொழியின் இலக்கணத்தை இத்துணை நிறைவாக எழுதினார் என்பது நம் போன்றோர்க்கு ஊக்கமளிக்கும் செய்தியாகும். 1940ஆம் ஆண்டு சாள்ஸ் பிறீஸ், அமெரிக்க அரசாங்கத்துக்குப் பொதுமக்கள் எழுதிய கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு, பல்வேறு சமூகநிலையினரின் இலக்கணத்தை ஒப்பிட்டாராய்ந்தார். 1959ஆம் ஆண்டு றன்டொல்வ் குவேர்க் தொடக்கிய ஆங்கில வழக்காய்வு, எழுத்தையும் பேச்சையும் சமமாகத் திரட்டிப் பத்து இலட்சம் சொற்கள் கொண்ட சான்றுத்தொகுதியை நோக்கமாகக் கொண்டது. இவ்வழியில் அவரும் பிறரும் சேர்ந்தெழுதிய இலக்கணங்கள் 1972ஆம் ஆண்டும் 1985ஆம் ஆண்டும் வெளிவந்தன.

இதற்கிடையே 1957ஆம் ஆண்டு நோம் சொம்ஸ்கி வேறொரு கோணத்திலிருந்து வினாவை எழுப்பினார். பொருளற்ற வாக்கியமும் இலக்கணமுடையதாகலாம் என அவர் காட்டினார். 'வட்டமான மௌனம் வேகமாகப் படுத்தது' என்பதற்குப் பொருளில்லை. ஆயினும் அது தமிழ் வாக்கியமே. அதே சொற்களைக் கண்டபடி கலைத்தால் அது வாக்கியமும் அன்று. முன்னொருபோதும் கேளாத வாக்கியத்தையும் மொழி அறிந்தவர் உடனே தரம்பிரித்துவிடுகின்றனர். ஆகவே இலக்கணம் திரட்டிய வழக்கிலே மட்டுமன்றி, பேசுவோரின் உள்ளறிவிலும் உறைகின்றது என்பது அவர் வாதம். இலக்கணமுடைமையும் ஏற்புடைமையும் ஒன்றல்ல என்பதை 1965ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் அவர் விளக்கினார். ஒன்றனுள் ஒன்றாகப் பல வாக்கியங்களை அடுக்கினால், இலக்கணம் பிழையாதபோதும் கேட்போரின் நினைவு அதனைத் தாங்குவதில்லை.

பேசுவோரின் உள்ளறிவு என்றால், எந்தப் பேச்சாளரின் உள்ளறிவு? இவ்விடத்திலே வில்லியம் லபோவின் ஆய்வு முக்கியமானது. நியூயோர்க் நகரின் கறுப்பின இளைஞரது பேச்சை ஆராய்ந்து 1969ஆம் ஆண்டிலும் 1972ஆம் ஆண்டிலும் அவர் வெளியிட்ட எழுத்துகள், பிழை மலிந்தது எனப் பழிக்கப்பட்ட அப்பேச்சுக்கும் ஒழுங்கான விதிகள் உண்டு என நிறுவின. இரட்டை எதிர்மறையும் அவர்களிடையே விதிப்படியே வருகின்றது. அது விதியின்மை அன்று, வேறு விதி. பள்ளி அதனைச் சிந்தனைக் குறைபாடு எனக் கொண்டமையாற் கேடுற்றோர் அச்சிறுவரே.

இவ்வரலாறு நம் நாட்டுக்குப் புறம்பானதன்று. நம் பல்கலைக்கழகங்களிலே ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், எனச் சிங்கள மாணவர் குறிப்பிடும் வழக்கை யாவரும் அறிவர். அச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு தீரு கந்தையா 1984ஆம் ஆண்டு ஆங்கிலத்தின் அதிகாரத்தைப்பற்றி ஆராய்ந்தெழுதினார். இலங்கை ஆங்கிலம் பிழைபட்ட ஆங்கிலம் அன்று, தனக்கென ஒழுங்குடைய வழக்கு என்பதையும் அவர் வலியுறுத்தினார். 2007ஆம் ஆண்டு இலங்கை ஆங்கிலத்துக்குத் தனி அகராதியும் வெளிவந்தது. வாள் என்ற உவமை பொருத்தமானதே. பேச வாயெடுப்பவன், பொருள் விளங்குமோ என அஞ்சுவதைக் காட்டிலும் பிழை பிடிபடுமோ என்றே அஞ்சுகின்றான். வகுப்பில் வினா எழுப்பாது மௌனமாயிருந்த நண்பர் பலரை நான் கண்டிருக்கின்றேன். அவர்களிடம் வினா இல்லாமலில்லை. ஆங்கில வாக்கியந்தான் இல்லை.

மீண்டும் என் கட்டுரையின் இரு கோடுகளுக்கு வருவோம். சுட்டிடைச்சொல்லை விட்டமைக்காக இடப்பட்ட கோடு நீதியானது. அவ்விதி எந்த ஆசிரியரும் இயற்றாதது. பள்ளி செல்லாத ஆங்கிலக் குழந்தையும் கைக்கொள்வது. தமிழில் அதற்கு நேரான சொல் இல்லாமையால் நான் அதனை முயன்று கற்றே ஆகவேண்டும். முன்னிடைச்சொல்லுக்காக இடப்பட்ட கோடோ 1672ஆம் ஆண்டுக் கவிஞரொருவரின் நடைவிருப்பின் எச்சம். முன்னையது மொழியின் விதி. பின்னையது மதிப்பின் விதி. மதிப்பின் விதிகள் பயனற்றவை என்று நான் கூறவரவில்லை. பரீட்சைக்கும் தொழிலுக்கும் பொது ஆங்கிலம் வேண்டும்; அதனை மறுப்பவர் வறிய மாணவனுக்கு நன்மை செய்தவராகார். ஆயின் அதனை ஒரு சமூக வழக்கு எனக் கற்பிப்பதற்கும் அறிவின் அளவுகோல் எனக் கற்பிப்பதற்கும் மிக்க வேறுபாடுண்டு.

வழுவமைதி என்ற சொல்லைத் தந்த மரபிலே வளர்ந்த நமக்கு இவ்வேறுபாட்டை உணர்தல் அரிதன்று. திருத்துவோர் இருவகைக் கோடுகளையும் வேறுபடுத்தி இடுவாராயின், ஒன்றைக் கற்பதற்கும் மற்றையதை அறிந்து கையாள்வதற்கும் மாணவனுக்கு வழி பிறக்கும். அப்பொழுது வகுப்பிலே மௌனமாயிருப்போரும் வாய்திறப்பர் என்பது என் நம்பிக்கை.